மருமகள் போட்ட பட்ஜெட்

"இந்த வருஷம் ஒரு ஃப்ரிட்ஜ் மட்டுந்தானாம். அதுவும் ரொக்கத்துக்குத்தானாம். எனக்கு வளையல் அடுத்த வருஷமாம். ஆட்டோவுல ஏறக்கூட உம் பொண்டாட்டி விடமாட்டேங்கா!"

புத்தாண்டுக்கு ஏரலிலிருந்து வந்திருந்த இசக்கியம்மாள், துறைமுகக் கடற்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் மகனிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"கடன் வாங்காம ஒரு வருஷம் ஓட்டிப் பாப்போம்னு சொல்லுதாம்மா," என்றான் சிவப்பிரகாஷ்.

"ஹார்பர்ல வேலை கெடச்சதுலருந்து இப்படித்தான். அங்கயும் கணக்கு எழுதுத வேலையாத்தான் இருக்கும்!"

அவன் தூரத்தில் கையைக் காட்டினான்.

வானத்தை முட்டி நின்ற கிரேன் ஒன்று, வீடு போன்ற பெட்டியைத் தூக்கி, கடலுக்கு மேலே கொண்டுபோய், பூ வைப்பது போலக் கப்பலில் இறக்கியது.

இசக்கியம்மாள் வாயில் கைவைத்தாள்.

"ஏ யம்மா! நம்ம வீட்டயே தூக்கிருவான் போலிருக்கே! யாருல அந்த மவராசன்?"

"மவராசன் இல்லம்மா. உச்சியில அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருந்து ஓட்டுதது ஒன் மருமவ."

அவள் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

திரும்பும்போது, அம்மாவுக்குக் கால் வலிக்குமே என்று சிவப்பிரகாஷ் ஓர் ஆட்டோவை நிறுத்தினான்.

இசக்கியம்மாள் பதறிப்போய்க் கிரேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏலே, அனுப்பிருல அத! மேலருந்து அவ பாத்துரப் போறா!"