ஷலபியின் மீசை

"இவன் ஷலபியா? இதுக்கு என் ஹூக்காவை நடிக்க விடலாம். இழுத்தா சத்தமாவது வரும்."

மருந்துக்கடை லுத்ஃபி புகைப்படத்தை மேசையில் கவிழ்த்துப் போட்டார். மூன்றாவது நடிகனும் காலி.

கெய்ரோவில் ஆப்தீன் அரண்மனைக்குப் பின்தெருக் காபிக் கடை. நோன்பு மாதத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. இன்ஸ்பெக்டர் ரஷ்வானின் துப்பறியும் நாவல்கள் இந்த நோன்புக்குத் தொலைக்காட்சித் தொடராகின்றன. இன்ஸ்பெக்டராக யார் நடித்தாலும் வாசகர்களுக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் அவருடைய உதவியாள் ஷலபியைப் பற்றித்தான். கொலைகாரனைப் பிடிப்பது இன்ஸ்பெக்டர், கண்டுபிடிப்பது ஷலபி.

தயாரிப்பு நிறுவனத்திலிருந்து வஹீத் நான்கு படங்களோடு இங்கே கூடும் வாசகர்களைத் தேடி வந்திருந்தான். 'வாசகர்களே தேர்ந்தெடுத்த ஷலபி' என்று விளம்பரம் போட வேண்டுமாம்.

"நாலாவது ஆளைப் பாருங்க டாக்டர்." மருந்துக்கடைக்காரரையும் அங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இது உங்க முதலாளி மருமகன்தானே?"

"நல்ல திறமைசாலிங்க."

"பின்னே? திறமை இல்லாமலா உங்க முதலாளி பொண்ணைக் கட்டினாரு?"

மிஸ் இனாயத் டீயை உறிஞ்சியபடி எட்டிப் பார்த்தார். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். "மூஞ்சியில மீசையே இல்லையே தம்பி."

"ஒட்டிக்கலாம் மிஸ்."

"ஒட்டறதா!" லுத்ஃபிக்குப் புரையேறியது. "ஷலபிக்கு ஒட்டு மீசையா? அது பொறந்தப்பவே வந்த மீசை, தம்பி. மீசையை எடுத்துட்டா ஷலபியே இல்லை."

மேசையின் மறு ஓரத்தில் ஹாஸிம் ஆறிப்போன டீயைக் கலக்கிக்கொண்டிருந்தான். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. பதினோரு நாவல்களுக்கும் அட்டை வரைந்தவன் அவன். ஷலபியின் முகத்தைப் பற்றிக் கதாசிரியர் ஒரு வரி எழுதியதில்லை. மூக்கு, கண், மீசை எல்லாம் அட்டை சொன்னதுதான். அதற்காகவே அவனை ஷுப்ரா பேட்டையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். இன்றுதான் இவர்களை முதல்முறை பார்க்கிறான். தன்னைப் பற்றி மனிதர்கள் பேசும்போது கடவுள் சும்மா இருப்பதைப்போல இருந்தான்.

"மீசையை விடுங்க, அந்தப் பார்வையைச் சொல்லுங்க" என்றார் மிஸ் இனாயத். "எதிர்ல இருக்கறவன் பொய் சொல்றான்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அவனுக்கு டீ ஊத்திக் குடுக்கற பார்வை. எந்த நடிகன்கிட்ட இருக்கு அது?"

ஹாஸிமின் கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

"உஸ்தாத், நீங்க யாரையோ பார்த்துத்தானே வரைஞ்சீங்க?" என்று லுத்ஃபி ஹாஸிமை மடக்கினார்.

"ஆமா."

"மாடலா?"

"மாடலுக்குக் குடுக்கற அளவுக்குப் பதிப்பகத்துக்கு மனசு இல்லை. கைக்குக் கிடைச்ச ஆளை நிக்க வச்சேன். எங்க சமையலறை ஜன்னல்லதான் வெளிச்சம் நல்லா வரும்."

"சமையலறையா? அப்போ ஆளு பிளம்பர்!"

"குழாய் ரிப்பேரும் பண்ணத் தெரியும். திட்டிக்கிட்டே நிக்கும். கை அசையாது, வாய் ஓயாது."

"ஷலபியேதான்!" லுத்ஃபி தொடையில் தட்டினார். "கூட்டிட்டு வாங்க உஸ்தாத். இந்த மருமகப் பிள்ளை தப்பிச்சுப் போகட்டும்."

"வர முடியாது."

"எங்க, வளைகுடாவுக்குப் போயாச்சா? எல்லாரும் அங்கதான் போறாங்க."

ஹாஸிம் கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தான்.

வஹீத் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். அவன் உண்மையில் வந்த வேலை அதுதான். "அப்போ சிக்கல் இல்லை உஸ்தாத். பழைய ஒப்பந்தப்படி அட்டையை மாத்த உங்க கையெழுத்து வேணும். தொடர் வந்ததும் பதினோரு புத்தகத்துலயும் எங்க நடிகர் படம்தான். பழைய அட்டை போட்ட புத்தகமெல்லாம் கடைகள்லேர்ந்து திரும்ப வாங்கிடுவோம்."

"ஒண்ணு விடாமலா?" என்றான் ஹாஸிம்.

"ஒண்ணு விடாம. இல்லேன்னா அந்த ஆளைக் காட்டுங்க. முகம் பொருந்தினா அவரையே போட்டுடலாம், அட்டையும் அப்படியே இருக்கட்டும். ரெண்டுல ஒண்ணு."

பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

ஹாஸிம் பேனாவை வாங்கினான். தாளைப் படித்தான். லுத்ஃபி ஹூக்காக் குழாயைக் கீழே வைத்துவிட்டார். "போட்டுடாதீங்க உஸ்தாத். அந்த மூஞ்சி இல்லாம நான் என்னத்தைப் படிக்கறது?"

ஹாஸிம் பேனாவை மூடி வஹீதின் சட்டைப்பையில் செருகினான். பிறகு தன் பணப்பையிலிருந்து ஒரு சின்னப் புகைப்படத்தை எடுத்துத் தாளின்மேல் வைத்தான்.

லுத்ஃபி பாய்ந்து எடுத்தார். "அட, இதேதான்! அதே கோட்டு. அதே கண்ணு, மிஸ், நீங்க சொன்ன பார்வை. மீசையைப் பாருங்க வஹீத், இதை ஒட்ட முடியுமா உங்களால?" சட்டென்று படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "மீசை ஏன் ஒரு பக்கம் வழிஞ்சிருக்கு?"

"கண்மையால வரைஞ்சது டாக்டர், சிரிச்சா கலைஞ்சிடும்" என்றான் ஹாஸிம். "என் பெண்டாட்டி நெர்மின். போன நோன்புக்கு ரெண்டு நாள் முன்னாடி அடக்கம் பண்ணினோம். மருமகப் பிள்ளைக்கு மீசை வேணும்னா சொல்லி அனுப்புங்க வஹீத், மை டப்பா இன்னும் வீட்டுலதான் இருக்கு."