அருள்பெட்டிக்கு ஜலதோஷம்

"சாமி, இந்தப் பொண்ணு லீவு கேக்குது. குழந்தைக்குக் காய்ச்சலாம். பார்த்துக்க வீட்டுல வேற ஆளே இல்லையாம். நான் முடியாதுன்னுட்டேன். நீ என்ன சொல்றே?"

அருள்பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்று கேட்டார் சூப்பர்வைசர். பசை ஒட்டும் பிரிவிலிருந்து வந்த அந்தப் பெண் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத ஒயர் அறையில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஸ்பேனர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'கல்நெஞ்சுக்காரா! பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும் முடியாதுன்னியா?'

மைக்கை இழுத்தாள்.

"போகட்டும்," என்று இடிக்குரலில் சொன்னது அருள்பெட்டி. "சம்பளத்தோடு போகட்டும்!"

"உத்தரவு சாமி," என்று குனிந்து கும்பிட்டார் சூப்பர்வைசர். பெண் பக்கம் திரும்பி, "சாமியே சொல்லிடுச்சு, கிளம்பு. என் கையில இருந்தா விட்டிருப்பேனா?" என்று எரிந்து விழுந்தார்.

அந்தச் செருப்புக் கம்பெனியில் அருள்பெட்டி வைத்ததுதான் சட்டம். கேட்டதற்கெல்லாம் தானே யோசித்து அருள்வாக்குச் சொல்லும் அந்த எந்திரத்தை முதலாளி கிளைக்கு ஒன்றாக வாங்கி வைத்திருந்தார். சம்பளம் கூட்டிக் கேட்டால், "ஆசையே பாவம்" என்று சொல்லும். கால் கடுக்கிறது என்றால், "வலியே வரம்" என்று சொல்லும். ஆனானப்பட்ட யூனியன்காரர்களே அதன் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

போன மழைக்குக் கூரை ஒழுகி, பெட்டியின் மூளைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. குரலைப் பெரிதாக்கும் பகுதி மட்டும்தான் பிழைத்தது. ரிப்பேர் வேலை பார்க்கும் ஸ்பேனர் அக்கா, பதறிப்போய்த் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"அருள்பெட்டி பழுதாகவே ஆகாதும்மா. பழுதுன்னு சொல்றதே சாமிக் குத்தம். சொன்னவங்களுக்கு வேலை போயிடும். என்ன, பழுதா?"

"ஐயய்யோ, இல்லைங்க. சும்மா நலம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்."

அன்றிலிருந்து சாமி வேலையும் அவள் தலையில்தான் விடிந்தது. அதற்குத் தனிச் சம்பளமும் கிடையாது, பாவம்.

இன்றைக்குப் பார்த்து அவளுக்கு ஜலதோஷம். மூக்கு குழாயாக ஒழுகியது. இன்றைக்குப் பார்த்துத் தலைமை அலுவலக அதிகாரியும் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ஆள் குறைப்பு," என்றார் சூப்பர்வைசரிடம். "பாதிப் பேரை அனுப்பணும். பேரையெல்லாம் காலையிலேயே பெட்டிக்குள்ள ஏத்தியாச்சு. நாம சொன்னா கொடி பிடிப்பாங்க. சாமி சொன்னா கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க."

சுவருக்குப் பின்னால் ஸ்பேனர் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏற்றிய பெயரெல்லாம் செத்த மூளைக்குள் அல்லவா போயிருக்கிறது? வாயை மூடிக்கொண்டிருந்தால் பெட்டியின் குட்டு உடையும். திறந்தால் இவள் குட்டு உடையும். பாழாய்ப்போன மூக்கு வேறு நமநமவென்றது.

சங்கு ஊதியதும் எல்லோரும் வந்து கூடினார்கள். செருப்பு தைத்துத்தான் பிழைப்பு, ஆனால் சாமி முன்னால் வெறுங்கால்தான்.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "சாமி, பாதிப் பேரை அனுப்பணுமாம். இந்த வேலையை விட்டா இவங்களுக்கு வேற கதி கிடையாது. சரி, அதெல்லாம் உனக்கெதுக்கு? யாரை அனுப்பலாம், நீயே சொல்லு."

ஸ்பேனர் அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ!

"ஒருத்தரையும் அனுப்பக் கூடாது!" என்று முழங்கியது அருள்பெட்டி. "மீறி அனுப்பினால்... அனுப்பினால்... ஹ... ஹ... ஹச்ச்ச்!"

ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது.

"என்னய்யா இது, சாமி தும்முமா?" அதிகாரி எகிறினார். "உள்ளே யாரோ இருக்காங்க! அந்தக் கதவைத் திற!"

ஸ்பேனர் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், தொலைந்தோம்!

தொப்பென்று ஒரு சத்தம். ஒயர் அறைக் கதவை அடைத்துக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார் சூப்பர்வைசர்.

"ஐயோ சாமி, கோவிச்சுக்காதே! இத்தனை நாளா வாயால சொன்னே, இன்னைக்குத் தும்மியே காட்டிட்டியே! சார், கீழே விழுந்து கும்பிடுங்க சார்! பெட்டி தப்பே பண்ணாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? இல்லே... பழுதுன்னு சொல்றீங்களா?"

மொத்தக் கூட்டமும் அதிகாரியைப் பார்த்தது. ஒரு பெட்டி பழுது என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு எந்தக் கிளையில் எவன் பெட்டிக்குப் பயப்படுவான்? அவர் வேலைக்கே அல்லவா உலை?

அதிகாரி டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தரையில் விழுந்தார்.

ஒருத்தர் வேலையும் போகவில்லை.

சாயங்காலம் கம்பெனி காலியானது. ஸ்பேனர் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. 'இந்தச் சிடுமூஞ்சி இப்படி வடிகட்டின முட்டாளா இருந்ததும் நல்லதாப் போச்சு!'

வெளியே காலடிச் சத்தம். சுவர் இடுக்கு வழியே பார்த்தாள். சூப்பர்வைசர்தான். அதிசயமாக, செருப்பைக் கழற்றாமலேயே பெட்டிக்கு அருகில் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காணிக்கைத் துளையில் எதையோ போட்டார்.

அவள் மடியில் வந்து விழுந்தது ஓர் அட்டை ஜலதோஷ மாத்திரை.

"சாமி," என்றார் சூப்பர்வைசர், மெதுவாக. "வெறும் வயித்துல போடாதே, சாப்பிட்டுட்டுப் போடு. அப்புறம்... அடுத்த தடவை தும்மல் வந்தா, முதல்ல மைக்கை அணைச்சிடும்மா."