மாப்பிள்ளை நடத்திய விசாரணை

"இப்படியொரு பிரச்சினையே நாட்டுல இல்லையேம்மா! இல்லாத பிரச்சினைக்கு எதுக்குக் காப்புரிமை?"

லேப்டாப்புக்குள் இருந்த அனுசியாவை அதட்டிவிட்டு, திரையின் மூலையில் தெரிந்த என் படத்தைப் பார்த்துக்கொண்டேன். என் தலைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் என் மாமனார் சின்ன மீரான். கூடவே, மச்சினி ஆசிபாவைப் பெண் கேட்டு வந்திருந்த சம்பந்தி வீட்டு ஆட்கள்.

"மாப்ள விசாரணை நடத்துறாக. மாப்ள சரின்னாத்தான் சரி. இல்லைன்னா அம்புட்டுத்தான்!" என்று மாமனார் அடக்கிய குரலில் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும்.

என் முதுகு தானாக நிமிர்ந்தது.

நான் முகம்மது அனீஸ். காப்புரிமை அதிகாரி. ஒரு கண்டுபிடிப்பு புதியதுதானா, பயன்படக்கூடியதுதானா என்று பரிசீலித்து முடிவு சொல்லும் வேலை. மாமனார் ஊரான வீரசோழனுக்கு விசேஷத்துக்கு வந்த இடத்திலும் ஒரு விசாரணை கூடவே வந்துவிட்டது. லேப்டாப்புக்கு நெட் என் போனில் இருந்து. வீடியோவில் என்பதால் மேலே கோட்டு, டை. கீழே கைலி. மேஜைக்கு அடியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

அனுசியாவின் கண்டுபிடிப்பு ரோமிங் சம்பந்தப்பட்டது. சொந்தக் கம்பெனி டவர் சரியாக எடுக்காத ஊரில், போன் அதையே கட்டிக்கொண்டு அழாமல் பக்கத்துக் கம்பெனி டவருக்கு மாறிக்கொள்ளும். எப்போது மாறலாம், எந்தக் கம்பெனிக்கு மாறலாம் என்பதற்கான விதிகளைச் சொந்தக் கம்பெனியே அனுப்பிவைக்கும். வருஷக்கணக்காக உழைத்திருக்கிறார். இந்த விசாரணையில் தோற்றால் அத்தனையும் வீண்.

"பிரச்சினை இருக்கு சார். எங்க ஊர்ப் பக்கமெல்லாம்..." என்று ஆரம்பித்தார். திறந்த வாய் திறந்தபடி படம் நின்றுவிட்டது.

திரும்ப வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா இது? ஊரு நெட்வொர்க்கையெல்லாம் சரிபண்ணக் கண்டுபிடிப்பு! முதல்ல உங்க நெட்வொர்க்கைச் சரிபண்ணுங்க!"

ஜன்னலில் சிரிப்பு. எனக்கும் நல்ல ஜோக்காகத்தான் பட்டது.

அனுசியா கொஞ்சம் தயங்கினார். "மன்னிக்கணும் சார். எங்க லைன்தான் கோளாறு."

லைன் மறுபடியும் போனது. டீ கொண்டுவந்த என் மனைவி நஸ்ரின், "ஏங்க, என் போன்ல நெட்டு நல்லா வருது. அதுல போட்டுப் பேசுங்களேன்" என்றாள்.

"சும்மா இரு. அந்தம்மா லைன் சரியில்லாததுக்கு என் போன் என்ன செய்யும்?"

பெண்டாட்டியிடம் நெட் கடன் வாங்கி விசாரணை நடத்தினால், சம்பந்தி வீட்டார் முன்னால் என் கெத்து என்ன ஆவது?

அனுசியா திரும்ப வந்தார். குரலை உயர்த்தினேன்.

"இன்னொரு தடவை லைன் போச்சுன்னா, ஆஜராகலைன்னு எழுதி விண்ணப்பத்தையே மூடிடுவேன்!"

மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பூரித்துப்போனார். நான் சொல்லி முடிக்கவில்லை, லைன் போய்விட்டது.

திரும்பவும் உள்ளே நுழைந்தேன். படம் வரவில்லை. ஹெட்போனில் குரல்கள் மட்டும் வந்தன. நான் வந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

பேசியவர் மதுரையில் இருந்து சேர்ந்திருந்த அனுசியாவின் வக்கீல் செல்வக்குமார்.

"மேடம், நீங்களும் நானும் தெளிவாத்தானே பேசிக்கிட்டிருக்கோம்? போறது அவர் லைன். பிரச்சினையே இல்லைங்கிற மனுஷன் அதுக்குள்ளேயே உக்காந்திருக்காரு! இதைச் சொன்னா கேஸ் ஜெயிச்சாச்சு. நீங்க என்னடான்னா எங்க லைன், எங்க லைன்னு..."

"வேணாம் சார்" என்றார் அனுசியா. "எனக்குச் சொந்த ஊரு எம்.ரெட்டியபட்டி. பின்னாடி கேக்குறது எங்க பக்கத்துப் பேச்சு. மாமனார் வீட்டுக்கு வந்திருக்காரு போல. ஜன்னல் பூரா ஆளுக நிக்கிறாக. அந்தப் பெரியவர் மாப்ள மாப்ளன்னு எம்புட்டுப் பெருமையாச் சொல்றாக! அவுக முன்னாடி போயி, உங்க லைன்தான் ஓட்டைன்னு எப்படி சார் சொல்ல?"

"சொல்லலைன்னா கேஸ் போயிடும் மேடம்."

"அதுக்காக ஒரு மாப்ளையை மாமனார் முன்னாடி தலைகுனிய வைக்கச் சொல்றீகளா?"

எனக்குக் காது சுட்டது. இத்தனை நேரம் அதட்டியவன் மானத்தை, அதட்டு வாங்கியவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஹெட்போன் இருந்ததால் ஜன்னலுக்கு எதுவும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கெத்து அப்படியே இருக்கும்.

"நஸ்ரின்! உன் போனைக் கொண்டா!"

லேப்டாப்பை அவள் போன் நெட்டில் இணைத்ததும் படம் பளிச்சென்று வந்தது. ஜன்னலுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"அனுசியா மேடம், கோளாறு உங்க லைன்ல இல்லை. என் லைன்ல. இவ்வளவு நேரமும் என் போன் எடுக்காத டவரையே கட்டிக்கிட்டு அழுதிருக்கு. நானும் அதைக் கட்டிக்கிட்டு உங்களை அதட்டியிருக்கேன். பிரச்சினையே இல்லைன்னு நான் எழுப்பின ஆட்சேபணையை நீக்கிடறேன். என்னை மன்னிக்கணும்."

மன்னிப்பை உட்கார்ந்துகொண்டா கேட்பது? மரியாதையாக எழுந்து நின்றேன்.

கோட்டுக்குக் கீழே, நீலக் கட்டம் போட்ட கைலி திரை முழுக்கத் தெரிந்தது. செல்வக்குமாருக்கு இருமல் வந்துவிட்டது.

அனுசியா சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார்... இங்க படம் ஒண்ணுமே தெரியலை சார். எங்க லைன்தான் கோளாறு."