கை நடுக்கம்

சார்ஜ் போட வேண்டும் என்று கணவரிடம் சொல்லித்தான் அதைக் கழற்றினாள்.

அவர் இடது கையை நீட்டினார். ஐந்து விரல்களிலும் கறுப்பு வளையங்கள். அவற்றைக் கோத்து ஒரு ரப்பர் பட்டை. ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

சார்ஜ் நிறைய இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

பீரோவைத் திறந்து, மடித்த புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெருந்துறையைத் தாண்டிவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது.

சென்னியப்பன் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். பேசியே புடவை விற்றவர். போன வருஷம் வந்த பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. புத்தியில் ஒரு குறையும் இல்லை.

மகள் தாரிணிதான் அந்தக் கருவியை வாங்கி வந்தாள். மாட்டிக்கொண்டு விரல்களைத் தொடையில் தட்டினால் போனில் எழுத்து விழும். எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று அப்பாவும் மகளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகினார்கள். தட்டி முடித்ததும் போன் அதை வாய்விட்டு வாசிக்கும்.

வாசிப்பது ஒரு பெண் குரல். செய்தி வாசிப்பது போல.

அவர் மனைவியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில் அவள் அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றுங்கள்" என்றது போன். வரிசையே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவள் பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

இன்றைக்கு அந்தக் குரல் வேண்டாம். இன்றைக்கு ஒரு நாள்.

வந்தவர்கள் நல்ல மாதிரியாக இருந்தார்கள். பையனின் அப்பா நாற்காலியைச் சென்னியப்பன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயிலைப் பற்றியும் பாலம் வேலை நடக்கும் ரோட்டைப் பற்றியும் பேச்சு போனது. பிறகு அவரையே கேட்டார்.

"பொண்ணப் பெத்தவரு நீங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?"

"அவருக்குப் பூரண சம்மதங்க" என்றாள் அவள்.

சென்னியப்பனின் விரல்கள் வேட்டியின் மேல் அசைந்தன. கட்டைவிரல், நடுவிரல், மறுபடியும் கட்டைவிரல். வளையம் இல்லாத வெறும் விரல்கள்.

பையனின் அம்மா அதைக் கவனித்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கை நடுங்குதுங்களா?"

அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். கணவர் விரலால் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. அப்பப்ப நடுங்கும்."

விரல்கள் நின்றன.

காபித் தட்டோடு தாரிணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பீரோ திறக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது.

திரும்பி வந்து அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். ஒவ்வொரு விரலாக மாட்டினாள். பட்டுப்புடவை தரையில் புரண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன என்று பையன் கேட்டான். அப்பா இதில்தான் பேசுவார் என்றாள் தாரிணி.

அவர் தட்டினார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பெண் குரல் வந்தது.

"தம்பிக்குச் சமைக்கத் தெரியுமா?"

 பையன் சிரித்தான். ரசம் நன்றாக வைப்பேன் என்றான். அவன் அப்பா கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். காபியை எடுத்துக்கொண்டார்கள்.

பையனின் அம்மா மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் கண்டுபிடிக்கிற முகம் இல்லை. ஒன்றும் புரியாமல்தான் கேட்டார்.

"இப்ப நடுங்கவே இல்லீங்களே?"

அவளுக்குக் காது மடல் எரிந்தது.   எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தாரிணியும், இப்போதுதான் முதல் முறையாக.

அவர் தட்ட ஆரம்பித்தார்.

இவ்வளவு நீளமாக அவர் தட்டி அவள் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லட்டும் என்று நினைத்தாள். சொல்லிவிடட்டும். முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நடுங்கும். மாத்திரை போட்டால் நின்றுவிடும். என் மனைவிதான் வேளை தவறாமல் கொடுக்கிறாள்."

அவருக்கு ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

பையனின் அம்மா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தோளைத் தொட்டு, உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம் என்றார். அந்தக் கை தோளில் இருந்த நேரம் முழுவதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லவில்லை. தேதி பார்க்கிறோம் என்றே சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

கார் தெருமுனை திரும்பியதும் அவள் உள்ளே வந்தாள். அவர் சாப்பிடுகிற நேரம். வீட்டில் அந்தக் கையால்தான் சாப்பிடுவார், வளையங்கள் இருந்தால் நனைந்துவிடும். தினமும் அவள்தான் கழற்றுவாள்.

கையை நீட்டினாள்.

"நீ விடும்மா" என்றாள் தாரிணி. "நான் கழட்டிக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பொருளை நகர்த்தி வைப்பது போலச் சொன்னாள்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அவர் இருவரையும் பார்த்தார். விரல்கள் அசைந்தன.

"அம்மாவே கழற்றட்டும்" என்றது போன்.

 தாரிணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அவர் இடது கையை நீட்டினார்.

அவள் தரையில் உட்கார்ந்து அதைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். பட்டையைத் தளர்த்தவில்லை. இன்னும் ஏதாவது சொல்லுவாரோ என்று அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.