சொல்லாத கட்டி

"இத்தனை மாசமா ஒருத்தருகிட்டயும் சொல்லல. என்னம்மா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

கண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் றொக்சன் போட்ட சத்தத்தில், பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பவுலின் தன் இடது காதுக்குக் கீழே இருந்த கட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கணவர் இல்லை. ஒரே மகன் றொக்சன் கொழும்பில் ஒரு கம்பெனியில் சுப்பவைசர். போன மாதம் லீவில் வந்தவன்தான், அம்மா தலைத்துண்டைக் கழற்றியபோது அந்த ஊதா நிறக் கட்டியைப் பார்த்துவிட்டு இங்கே கூட்டி வந்தான். சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, ஸ்கேன் எடுத்து, இன்றைக்குத்தான் முடிவு.

உள்ளே கூப்பிட்டார்கள்.

பெண் டொக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது அபூர்வமான தோல் புற்றுநோய். மேர்க்கல் செல்னு சொல்வாங்க. வலி இருக்காது, ஆனா ரொம்ப வேகமா வளரும்."

றொக்சன் முன்னால் சாய்ந்தான். "சுகமாயிரும்தானே டொக்டர்?"

"கட்டி எவ்வளவு பெருசு, எங்க இருக்கு, வயசு என்ன, உடம்புல எதிர்ப்புச் சக்தி எப்படி, எல்லாத்தையும் பாக்கணும். முக்கியமா, அது பரவியிருக்கான்னு பாக்கணும். அம்மாவுக்கு கழுத்துல இருக்கிற நெறிக்கட்டிக்குப் போயிருச்சு."

அவன் உட்கார்ந்திருந்த கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒப்பரேஷன் செய்வோம், கதிர் சிகிச்சை குடுப்போம். ஒண்ணும் முடியாதுன்னு சொல்ல வரல. ஆனா கடலை அளவுல இருக்கும்போதே வந்திருந்தா, நான் இன்னும் தைரியமாப் பேசியிருப்பேன்."

"கேட்டீங்களாம்மா?" றொக்சன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

"என் தப்புதான்பா," என்றாள் பவுலின்.

டொக்டர் பேனாவை எடுத்தார். "மொதல்ல எப்பம்மா கண்டீங்க? எவ்வளவு வேகமா வளந்திருக்குன்னு எழுதணும்."

"ஞாபகம் இல்லீங்க."

"அந்த நேரத்துல எடுத்த போட்டோ ஏதும் போன்ல இருக்கா?"

"இல்லீங்க." பவுலினின் கை மடியிலிருந்த பையை இறுக்கியது.

"இப்பவும் மறைக்கிறீங்களேம்மா," என்று பையை வாங்கிப் போனை எடுத்தான் றொக்சன்.

வாட்ஸ்அப்பில் ஒரேயொரு ஆளுக்குத்தான் அவள் ஏதாவது அனுப்பியிருந்தாள். மேலே தள்ளிக்கொண்டே போனான். பெப்ரவரி ஒன்பதாம் திகதி. கடலை அளவில் ஒரு சிவப்புக் கட்டி. அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு. விரல் பட்டு அது பேசத் தொடங்கியது.

"தம்பி, காதுக்குக் கீழ இது வந்திருக்குப்பா. வலிக்கல. ஆனா போன கிழமைய விட பெருசா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகவா, வேணாமா? எனக்கு அங்க சிங்களத்துல பேசத் தெரியாது. நேரம் கெடைக்கிறப்ப சொல்லுப்பா."

அதற்குக் கீழே பதிலாக, உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று.

அம்மாவிடமிருந்து எது வந்தாலும் திறக்காமலே கட்டைவிரலைத் தட்டிவிடுவது அவன் வழக்கம். திரையின் உச்சியில் அவனுடைய படமே சிரித்துக்கொண்டிருந்தது.

டொக்டர் திகதியைக் குறித்துக்கொண்டார். பிறகு தலையை உயர்த்தினார்.

"இத யாருக்கம்மா அனுப்புனீங்க?"

றொக்சன் வாயைத் திறந்தான்.

"நம்பர் மாறி யாருக்கோ போயிருச்சுங்க டொக்டர்," என்றாள் பவுலின்.