மூன்று கட்டங்களில் டிக்

மார்ச் 11, செவ்வாய், காலை ஏழே கால். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் அடியில் தகரக் கொட்டகை. கூரைத் துளை வழியே விழும் வெயிலில் கிரேன் ஓட்டுநர் மனநிலைச் சீட்டைப் பிடித்தபடி நிற்கிறார். அதில் நான்கு கட்டங்கள்: கோபம், கவலை, மகிழ்ச்சி, அமைதி. அமைதியில் டிக் போட்டால்தான் மேலே ஏற விடுவார்கள். தினமும் கண்ணை மூடிக்கொண்டு அதில்தான் போடுவார். எட்டு வருடமாகப் பேசாத தம்பி சற்றுமுன் போனில், "சாயங்காலம் வீட்டுக்கு வரேன்" என்றான். கை சில்லிட்டிருக்கிறது, வாயோரம் சிரிப்பு, பேனாவை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

"என்னண்ணே, பரீட்சையா எழுதுறீங்க? மேலே பத்து பேர் கம்பிக்குக் காத்துக் கிடக்காங்க. அமைதின்னு போட்டுட்டு ஏறுங்க," என்கிறார் மேற்பார்வையாளர்.

"அதைத் தவிர மத்த மூணும் இருக்கு சார்."

பேனா அந்த மூன்று கட்டங்களிலும் நின்று டிக் போட்டு நகர்கிறது. மேற்பார்வையாளர் சீட்டை வாங்கிப் படிக்கிறார், கிரேன் சாவியைத் திரும்ப வாங்கக் கை நீட்டுகிறார்.

கிரேன் இன்று ஓடவில்லை.