தனித்தனியாக நிரப்பவும்

கட்டிலில் கணவனும் மனைவியும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையில் போன். அவள் கையில் டேப்லெட்.

சண்டை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸின் உத்தரவு அப்படி.

"தனித்தனியா நிரப்புங்க, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் போடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அந்த இணைப்பை அனுப்பியிருந்தார். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை. எடுப்பதும் எடுக்காததும் பெற்றோர் இஷ்டம். யோசித்து முடிவெடுக்க உதவுவதற்கு அந்த இணையதளம். நாலு மணிக்கு நர்ஸ் கூப்பிடுவார், வேண்டுமா வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும்.

தளத்தைக் குறை சொல்ல முடியாது. பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, 'வாய்ப்பு அதிகம்' என்று வந்தாலும் அதுவே முடிவல்ல என்பதையெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்திருந்தார்கள். அதுவரை அவனுக்கு ஒரு சிக்கலும் இல்லை.

அடுத்த பக்கத்தில்தான் வந்தது வினை. 'உங்கள் மனதுக்கு எது முக்கியம்?'

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு கோடு. கோட்டின் நடுவில் ஒரு நீலக் குமிழ். இடது கோடியில் 'தெரியாமல் இருப்பதே நிம்மதி.' வலது கோடியில் 'தெரிந்துகொள்வதே நிம்மதி.' குமிழை விரலால் எங்கே வேண்டுமானாலும் தள்ளலாமாம்.

எங்கே என்று தள்ளுவது?

அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்ட வண்டியையும் கண்ணாடியைப் பார்த்தே அலுங்காமல் பின்னால் எடுத்துவிடுவான். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு குமிழின்மேல் விரல் வைக்க வேர்த்துக் கொட்டியது.

எட்டு வருஷம் தவம் கிடந்து உண்டான குழந்தை. பரிசோதனை வேண்டும் என்று சொன்னால், 'குறை இருந்தா இந்தப் பிள்ளை வேண்டாமா உங்களுக்கு?' என்று அவள் உடைந்துவிடலாம். வேண்டாம் என்று சொன்னால், 'நான் படுற பயம் கண்ணுக்கே தெரியலையா?' என்று கேட்கலாம். எந்தப் பக்கம் தள்ளினாலும் அவள் அழுதுவிடுவாளோ என்பதுதான் அவன் கவலையெல்லாம்.

அவள் பதில் எதுவோ அதுவே தன் பதிலாகவும் இருந்துவிட்டால் தொல்லை விட்டது.

எதிரே பீரோ கண்ணாடி இருந்தது. தலையை லேசாகச் சாய்த்தான். அதில் அவள் தோளுக்கு மேலாக டேப்லெட் பளிச்சென்று தெரிந்தது. எழுத்து புரியவில்லை, குமிழ் மட்டும் தெரிந்தது. போதாதா?

திருட்டுத்தனம்தான். பரீட்சைக்குப் பரீட்சை பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியே கரையேறியவன், இதற்கா கூசப் போகிறான்?

அவள் குமிழ் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. இவனும் நகர்த்தினான். இன்னும் கொஞ்சம் போயிற்று. இவனும் போனான். நின்றது, நடுங்கியது, திரும்பி வந்தது, மறுபடி போனது. பாவம், என்ன பாடு படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

நடுவில் ஒரு தும்மல் வந்து அவன் விரல் ஆடிவிட்டது. என்ன ஆச்சரியம், அவள் குமிழும் கூடவே ஆடியது! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் ஒற்றுமையா என்று அவனுக்குப் புல்லரித்துப் போயிற்று.

எல்லாக் கேள்வியும் முடிந்தது. பொத்தானை அழுத்தினான். 'பரிசோதனை செய்துகொள்ளும் பக்கம் சாய்கிறீர்கள்' என்றது போன்.

ஜம்மென்று திரும்பி உட்கார்ந்து அவளிடம் காட்டினான். அவள் முகம் வெளுத்துப்போய் டேப்லெட்டை நீட்டினாள். 'பரிசோதனை வேண்டாம் என்ற பக்கம் சாய்கிறீர்கள்.'

"அதெப்படி?" வாய் முந்திக்கொண்டது. "நீ தள்ளுனதைப் பார்த்துதானே நானும் அப்படியே தள்ளினேன்! கண்ணாடியில..."

சொல்லி முடிப்பதற்குள் உறைத்தது. கண்ணாடியில் இடம் வலமாகும், வலம் இடமாகும். தினமும் கண்ணாடியைப் பார்த்துப் பிழைக்கிற மனுஷனுக்கு, வேண்டிய நேரத்தில் அது மறந்து தொலைத்தது.

இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டான். சத்தத்தையே காணோம். நிமிர்ந்தால், அவள் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போன திசையில் அவனும் பார்த்தான்.

அவள் பார்த்து உட்கார்ந்திருந்த சுவரில் அணைத்து வைத்த டிவி. அதன் கறுப்புத் திரையில் கட்டில் தெரிந்தது, அவன் தெரிந்தான், அவன் கையிலிருந்த போன் வெளிச்சம் அச்சு அசலாகத் தெரிந்தது.

"நானும் உங்களோடதைப் பார்த்துதாங்க தள்ளினேன்."

அட ராமா! அப்படியானால் இவ்வளவு நேரம் யார் குமிழை யார் தள்ளினார்கள்?

அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்" என்றான். எத்தனையோ வாரமாகச் சிரித்த முகத்தோடு அலைந்தவன், அதைச் சொன்ன பிறகுதான் ஒழுங்காக மூச்சு விட்டான்.

போன் அடித்தது. நர்ஸ்தான். என்ன முடிவு பண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் இன்னும் சட்டையை விடவில்லை.

"கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்றான். "நாங்க ரெண்டு பேரும் இப்பதான் பேசவே ஆரம்பிச்சிருக்கோம்."